ஓட்டையை அடைத்த கதை: கீலிலிருந்து சீலண்ட் வரை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி ஒரு கையில் இருக்கட்டும், நிதானமாகப் படியுங்கள். ராஜாக்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் வகுப்பில் நிறையப் படித்துவிட்டோம். இன்று ஒரு பசையின் வரலாறு. படகில் தண்ணீர் புகாமல் அடைக்கிற பசை.

முதலில் ஒரு கேள்வி. கட்டுமரம் ஒழுகுமா?

ஒழுகாது. ஏனென்றால் கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதுதான். அலை மேலே ஏறும், இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். மரம் மிதக்கிற வரை அதுவும் மிதக்கும். நம் சொல்லையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு ‘கேட்டமரான்’ என்றார்கள். ஆனால் மனிதனுக்குச் சரக்கு ஏற்ற வேண்டும், நனையாமல் உட்கார வேண்டும். அதற்கு உள்பக்கம் உள்ள கலம் தேவைப்பட்டது. உள்பக்கம் என்று ஒன்று வந்ததும் கசிவும் கூடவே வந்தது. அன்று தொடங்கிய போராட்டம் இன்னும் முடியவில்லை.

நிலக்கீலும் நாணலும்

குவைத் நாட்டில் சுபியா என்ற இடத்தில் தொல்லியலாளர்கள் கருப்பான துண்டுகள் சிலவற்றைக் கண்டெடுத்தார்கள். அவை நிலக்கீல். தரையிலிருந்து இயற்கையாக ஊறி வரும் தார் போன்ற பொருள். அந்தத் துண்டுகளின் ஒரு பக்கத்தில் நாணல் தட்டைகள் அழுந்திய தடம் இருந்தது. மறு பக்கத்தில் கடலில் மட்டுமே ஒட்டி வளரும் கொட்டலசு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது: நாணலைக் கட்டிப் படகு செய்து, மேலே நிலக்கீலைப் பூசிக் கடலில் ஓட்டியிருக்கிறார்கள். வயது ஏறத்தாழ 7,000 ஆண்டுகள். உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய கடற்படகுச் சான்றுகளில் அது ஒன்று. படகின் நாணல் மக்கிப் போய்விட்டது, பூசிய பசை மட்டும் சாட்சி சொல்ல மிஞ்சியிருக்கிறது.

கீல் என்பது நல்ல தமிழ்ச் சொல். இன்று நாம் ‘தார்’ என்று சொல்வதைப் பழைய அகராதிகள் கீல் என்று சொல்லும். பலகை இடுக்கை அடைக்கும் வேலைக்குக் ‘கலப்பற்று’ என்று ஒரு சொல் உண்டு. அதே வேலையைச் செய்பவனைப் போர்ச்சுக்கீசியர் ‘கலஃபாத்தே’ என்பார்கள். துறைமுகங்களில் சொற்களும் சரக்கு மாதிரிதான், ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு ஏறிக்கொள்ளும்.

ஆணி இல்லாத படகுகள்

இந்தியப் பெருங்கடலில் நெடுங்காலம் படகுகளைத் தைத்தார்கள். துணியைத் தைப்பது போலப் பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, தென்னை நார்க்கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸ் துறைமுகத்தில் இப்படித் தைத்த கப்பல்களைப் பார்த்து முகம் சுளித்தார். இரும்பு ஆணி கிடையாது, கீலும் பூசுவதில்லை, மீன் எண்ணெய்தான் தடவுகிறார்கள், இதில் பயணம் போவது ஆபத்து என்று குறைபட்டுக்கொண்டார். ஆனால் 9-ஆம் நூற்றாண்டிலேயே அப்படித் தைத்த கப்பல் ஒன்று சீனாவரை போய், பல்லாயிரக்கணக்கான பீங்கான் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998-இல் அதன் சிதைவைக் கண்டுபிடித்தார்கள்.

நம் சென்னைக் கரையின் மசுலாப் படகும் தைத்த படகுதான். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை சென்னையில் கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னர் துரையானாலும் கருங்காலிப் பெட்டியானாலும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசுலாப் படகில்தான் ஏற வேண்டும். ஐரோப்பியரின் கெட்டியான படகுகள் அந்த அலையில் தரை தட்டினால் பலகை பிளந்துபோகும். மசுலாவோ வளைந்து கொடுக்கும். மெல்லிய பலகைகள், உள்ளே குறுக்குச் சட்டங்கள் கிடையாது, இடுக்குகளில் வைக்கோலைத் திணித்து அதன் மேல் தையல். கசிவு கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதை இறைத்துக் கொட்ட ஆள் உண்டு. கசிந்தாலும் உடையாது என்பதே அதன் பலம்.

சீனர்கள் வேறு வழியில் போனார்கள். டங் என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயில் சுண்ணாம்பையும் நறுக்கிய நாரையும் சேர்த்து இடித்துப் பலகை இடுக்கில் திணித்தார்கள். இறுகினால் கல் போல நிற்கும். 1974-இல் சுவான்சௌ துறைமுகத்தில் தோண்டி எடுத்த 13-ஆம் நூற்றாண்டுக் கப்பலில் அந்தக் கலவை இருந்தது. மார்க்கோ போலோவும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஆங்கிலேயர் அந்தச் சீனக் கலவையை ‘சுனாம்’ என்றார்கள். நம் சுண்ணாம்புதான் ஆங்கிலத்தில் ஏறிச் சீனாவரை போயிருக்கிறது.

இங்கே ஒரு பாடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். அடைக்கும் பொருள், தான் அடைக்கும் இடத்தோடு சேர்ந்து அசைய வேண்டும். படகு வளைந்தால் அதுவும் வளைய வேண்டும், மரம் ஊதினால் அதுவும் இடம் கொடுக்க வேண்டும்.

பழைய கயிறும் தாரும்

ஐரோப்பாவில் வைக்கிங் மக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகைகளுக்கு நடுவில் தாரில் தோய்த்த கம்பளி நூலை வைத்து அடைத்தார்கள். பிற்காலப் பெரிய கப்பல்களுக்கு ‘ஓக்கம்’ வந்தது. அது வேறொன்றுமில்லை, பழைய கப்பல் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி, இழை இழையாகப் பிரித்துத் தார் கலந்த பஞ்சு. அதை உளியும் சுத்தியலும் கொண்டு இடுக்கில் அடித்து இறக்கி, மேலே காய்ச்சிய கீலை ஊற்றுவார்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதி, பஞ்சை நெருக்கி, தானே இறுக்கிக்கொள்ளும்.

அந்தக் கயிற்றைப் பிரித்தது யார்? இங்கிலாந்தின் சிறைகளில் கைதிகள், ஏழைகள் விடுதிகளில் வயோதிகரும் குழந்தைகளும். விரல் நுனி தோலுரிய நாள் முழுதும் பிரிப்பார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் அந்தச் சிறுவனுக்கும் இதே வேலைதான் கொடுக்கப்படுகிறது. உலகை ஆண்ட கப்பற்படையின் இடுக்குகளை அடைத்தது அந்தப் பிஞ்சு விரல்கள்.

தார் அரசியலாகவும் ஆனது. பைன் மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் தாருக்கு 1648-இல் சுவீடன் அரசு ஒரே ஒரு கம்பெனிக்கு ஏகபோக உரிமை கொடுத்தது. விலை அவர்கள் வைத்ததுதான். அந்தப் பிடியிலிருந்து தப்ப 1705-இல் ஆங்கில நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் தாருக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. வட கரோலினா மாநிலத்தாருக்கு இன்றும் ‘டார் ஹீல்’, அதாவது தார்க்குதிகால்காரர்கள் என்று பட்டப்பெயர் உண்டு. அந்த மாநிலத்தின் தார்த் தொழிலிலிருந்து வந்த பெயர் அது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் வீட்டுக் குழாய் வேலைக்கு வரும் பிளம்பரைக் கவனியுங்கள். இரும்புக் குழாயின் மரையில் சணல் நூலைச் சுற்றி, வெள்ளையாக ஒரு பசையைத் தடவி முறுக்குவார். ஓக்கத்தின் நேரடி வாரிசு அந்தச் சணல். வெள்ளைப் பசையின் மூதாதை ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளை ஈயம், அதுவும் கப்பல் தளத்துச் சரக்குதான். ஈயம் நஞ்சு என்பது வேறு கதை.

ஒரு குழாய்க்காகப் போன உயிர்கள்

இதுவரை சொன்னது பலகைகளின் இடுக்கு. இனி நாமே வேண்டுமென்று போடும் ஓட்டைக்கு வருவோம். கடல் நீரை உள்ளே எடுக்கவும், கழிவு நீரை வெளியே விடவும், இன்று எஞ்சினைக் குளிர்விக்கவும், கப்பலின் உடம்பைத் துளைத்து ஒரு குழாய் போக வேண்டும். அந்த இடத்தில் பொருத்தும் உறுப்பைப் படகுக்காரர்கள் ‘த்ரூ-ஹல்’ என்கிறார்கள். வெளிப்பக்கம் தட்டையான தலை, நடுவில் மரை போட்ட கழுத்து, உள்ளே ஒரு நட்டு. அவ்வளவுதான்.

1782 ஆகஸ்ட் 29. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அருகே ஸ்பிட்ஹெட் நங்கூரத்தளத்தில் ‘ராயல் ஜார்ஜ்’ என்ற 100 பீரங்கிப் போர்க்கப்பல் நின்றது. ஜிப்ரால்டருக்குப் புறப்படும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கடல் நீரை உள்ளே எடுக்கும் குழாய் ஒன்று பழுது. அது நீர்மட்டத்துக்குக் கீழே, வலப்பக்கம். அதைச் சரிசெய்ய வலப்பக்கத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டும். எனவே பீரங்கிகளை நகர்த்திக் கப்பலை இடப்பக்கம் சாய்த்தார்கள். அதே நேரம் தாழ்ந்த இடப்பக்கத்தில் ஒரு சிறு கப்பலிலிருந்து ரம் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்கள் திறந்தே கிடந்தன. அலை அவற்றின் விளிம்பைத் தொட்டது, பிறகு உள்ளே வந்தது. கப்பல் தச்சர் நிமிர்த்தச் சொல்லிக் கேட்டதாகவும் அதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் தப்பியவர்கள் சொன்னார்கள். சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. மாலுமிகளோடு, அவர்களைப் பார்க்க வந்திருந்த பெண்களும் குழந்தைகளும் ஏராளம். 800 பேருக்கு மேல் இறந்தார்கள். தளபதி கெம்பன்ஃபெல்ட்டும் மாண்டார். விசாரணை மன்றம் கப்பலின் மரமே உளுத்துப் போயிருந்தது என்று சொல்லி, யாரையும் தண்டிக்காமல் முடித்தது.

அத்தனை உயிரும் ஒரு குழாய்ப் பொருத்தியைச் சரிசெய்யப் போய்ப் பறிபோயின.

சிறு படகுக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு இது. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே, 38 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை. டாரிசெல்லி விதிப்படி நீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.4 மீட்டர். துளை ஓரத்தில் நீர் சுருங்கி வருவதற்குக் கழிவு போக, நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி ஏழு நிமிடத்தில் நிரம்பும் அளவு. இரவில் ஆள் இல்லாமல் கட்டிக் கிடக்கும் படகு காலைக்குள் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செம்பும் இரும்பும் நடுவில் ஒரு காகிதமும்

இன்னொரு கப்பல் கதை. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுக்க, 1761-இல் ‘அலார்ம்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியதும் சோதித்தார்கள். தகடு நன்றாக இருந்தது. ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புதிதாகவே இருந்தன. ஏன்? தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை அந்த இடங்களில் கிழிக்காமல் விட்டிருந்தார்கள். செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடவில்லை.

உப்பு நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலம் உருவாகி, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் என்று இன்று நாம் பாடப்புத்தகத்தில் எழுதுகிறோம். அன்று அதைச் சொல்ல வோல்ட்டாவின் மின்கலமே பிறக்கவில்லை. பிறகு செம்புக் கலவையில் ஆணி செய்து பிரச்சினையைத் தீர்த்தார்கள்.

இது இரண்டாவது பாடம். ஒரு பொருள் தனியாக நல்லதாக இருப்பது போதாது. பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சம்பந்தம் பேசும்போது பெரியவர்கள் பார்ப்பதும் இதைத்தானே?

பிளாஸ்டிக் வந்தது

1942-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு சிறு பாய்மரப் படகு செய்தார். ஃபைபர் படகு என்று நாம் இன்று சொல்வதன் முன்னோடிகளில் ஒன்று அது. இந்த உடம்பில் பலகை இல்லை, அதனால் இடுக்கும் இல்லை. கலப்பற்று வேலை போய்விட்டது. மிஞ்சியது நாமாகப் போடும் துளைகள் மட்டும்.

அந்தத் துளைகளில் முதலில் வெண்கலப் பொருத்திகள் இருந்தன. நல்ல பொருள்தான், ஆனால் விலை அதிகம், எடை அதிகம். வெண்கலம் என்று நினைத்துப் பித்தளையை வாங்கிவிட்டால், உப்பு நீர் அதிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு, தட்டினால் உதிரும். எனவே பிளாஸ்டிக்கைத் தேடினார்கள். 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கியிருந்தார். பின்னாளில் ஏபிஎஸ், பாலிகார்பனேட், அசிட்டால் எல்லாம் வந்தன. நைலானில் கண்ணாடி இழை சேர்த்து வார்த்த பொருத்திகள் ‘மரெலான்’ போன்ற பெயர்களில் விற்பனைக்கு வந்தன. துருவும் இல்லை, மின்அரிப்பும் இல்லை. அலார்ம் கப்பலின் தொல்லை தீர்ந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அதே தொல்லை வேறு உருவத்தில் வந்தது.

கழுவுதொட்டியை அடைத்த கண்டுபிடிப்பு

1926 வாக்கில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஜோசப் பேட்ரிக், நேதன் ம்னூக்கின் என்ற இரு வேதியியலார் காருக்கான மலிவான உறைதடுப்பு நீர்மம் தயாரிக்க முயன்றார்கள். எத்திலீன் டைகுளோரைடையும் சோடியம் பாலிசல்ஃபைடையும் கலந்தார்கள். கிடைத்தது ஒரு பிசின். நாற்றம் தாங்க முடியாது. அது ஆய்வகத்துக் கழுவுதொட்டியின் துளையை அடைத்துக்கொண்டது. எந்தக் கரைப்பானை ஊற்றியும் கரையவில்லை. எரிச்சலில் இருந்தவர்களுக்குத் திடீரென்று புத்தி தட்டியது: எதிலும் கரையாத பிசின் என்றால் அது எவ்வளவு பெரிய சொத்து! கந்தகம், கோந்து என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘தயோகால்’ என்று பெயர் வைத்து 1929-இல் கம்பெனி தொடங்கினார்கள்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் திரவ வடிவம் வந்தது. விமானப் பெட்ரோல் தொட்டிகளின் இணைப்புகளை அடைக்க அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு படகுக்கு வந்தது. பாலிசல்ஃபைடு சீலண்ட் என்று இன்று கடையில் கிடைப்பது அதுதான். நீருக்குள்ளும் ரப்பர் போல நெகிழ்ந்து, ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

அந்தக் கம்பெனியின் பிற்கால வரலாற்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் ராக்கெட் எரிபொருளில் இறங்கி, கடைசியில் அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்தார்கள். 1986 ஜனவரி 28, கடும் குளிர். ராக்கெட் துண்டுகளின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையங்கள், அவை பாலிசல்ஃபைடு அல்ல, வேறு வகை ரப்பர், குளிரில் விறைத்துப்போய் இடைவெளியை உடனே மூடத் தவறின. முந்தைய இரவே அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள் இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று வாதாடியிருந்தார்கள். மேலிடம் கேட்கவில்லை. ‘சேலஞ்சர்’ 73 விநாடிகளில் வானில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப் போனவர். அமெரிக்கா முழுவதும் பள்ளிக் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ஒரு துண்டு ரப்பரை இறுக்கிப் பிடித்து ஐஸ் தண்ணீரில் போட்டு, பிடியை எடுத்தும் அது நிமிரவில்லை என்று காட்டினார். ஒரு டம்ளர் தண்ணீரில் முடிந்த செயல்முறை விளக்கம். முதல் பாடம் நினைவிருக்கிறதா? அடைக்கும் பொருள் சேர்ந்து அசைய வேண்டும்.

மற்ற பசைகளும் ஒவ்வொன்றாக வந்தன. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த படகுப் பசைகள் ஒட்டினால் விடாது. பிரித்தெடுக்கப் போனால் ஃபைபரின் மேல்பூச்சே சேர்ந்து பெயர்ந்துவிடும். 1940-இல் யூஜின் ரோக்கோ சிலிக்கோனைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்டார். குளியலறை ஓரத்தில் அடிக்கும், புளித்த காடி வாசனை வரும் பசை அந்தக் குடும்பம். 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து இரண்டின் குணமும் சேர்ந்த கலப்பினப் பசை வந்தது.

ஜாமெட்ரி பாக்ஸில் நடந்த வேதியியல்

இப்போது அந்த வேறு உருவத் தொல்லைக்கு வருவோம். பள்ளிக்காலத்தில் ஜாமெட்ரி பாக்ஸில் வெள்ளை அழிரப்பரைப் பிளாஸ்டிக் ஸ்கேல் மேல் வைத்து, கோடை விடுமுறை முழுதும் மறந்துவிட்டிருப்பீர்கள். ஜூன் மாதம் திறந்தால் ரப்பர் ஸ்கேலோடு ஒட்டி, ஸ்கேலில் பள்ளம் விழுந்து, எண்கள் இளகிப் போயிருக்கும். உங்களில் பாதிப் பேர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறீர்கள்.

காரணம் இது. அழிரப்பரை மென்மையாக வைத்திருக்க அதில் ஓர் எண்ணெய்ப் பொருள் கலந்திருக்கும். அது மெல்ல வெளியேறிப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்குக்குள் புகுந்துவிடும். பிளாஸ்டிக் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். நடுவில் அந்நியச் சிறு மூலக்கூறு புகுந்தால் சங்கிலிகளின் பிடி தளரும். அந்தப் பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுவிசையிலும் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் தொடங்கி ஒரு நாள் பட்டென்று விரிசல் விடும். ஹெல்மெட்டுக்குப் பெயிண்ட் அடிக்காதே, தின்னர் போட்டுத் துடைக்காதே என்று எச்சரிப்பதும் இதனால்தான்.

படகுப் பசைகளிலும் இப்படிப்பட்ட மென்மையூட்டிகளும் கரைப்பான்களும் உண்டு. த்ரூ-ஹல்லோ நட்டு முறுக்கப்பட்டு எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. தவறான ஜோடி சேர்ந்தால் அன்று ஒன்றும் தெரியாது. பசை நன்றாகவே பிடித்திருக்கும். சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ கழுத்து விரிந்து தலை தனியே கழன்றுவிடும். செம்பும் இரும்பும் செய்த சண்டையை இப்போது பசையும் பிளாஸ்டிக்கும் செய்கின்றன.

எதற்கு எது?

வெளிநாட்டில் சிறு பாய்மரப் படகு வைத்திருக்கும் நம் மாணவர் ஒருவர், பிளாஸ்டிக் த்ரூ-ஹல்லுக்கு எந்தப் பசை வைப்பது என்று கேட்டிருந்தார். அவருக்கும், வீட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பொருத்தி எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். பசையை அதன் பிறகு யோசிக்கலாம். ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக், பிவிசி என்றால் பாலிசல்ஃபைடு ஆகாது. ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டுக்கும் பாலியூரித்தேனும் ஆகாது. இவற்றுக்குச் சிலிக்கோன் பாதுகாப்பு, அல்லது இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று உறையில் எழுதியிருக்கும் கலப்பினப் பசை. இந்த வகைப் பொருத்திகள் நீர்மட்டத்துக்கு மேலே மட்டும்தான் இருக்க வேண்டும். அங்கேயும் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு போல் பொடி உதிரத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே, அதற்கென்றே செய்த கண்ணாடி இழை சேர்த்த நைலான் பொருத்தி மட்டும். நைலானும் அசிட்டாலும் பாலிசல்ஃபைடைத் தாங்கும், பாலியூரித்தேனையும் தாங்கும். பின்னாளில் கழற்ற வேண்டியிருக்கும் என்றால், ஒட்டினால் விடாத ரகத்தைத் தவிர்ப்பது நல்லது. பொருத்தியைப் பிடித்து நிறுத்துவது நட்டின் வேலை. பசையின் வேலை இடைவெளியை நிரப்புவது மட்டும்.

சிலிக்கோனில் ஒரு குறை உண்டு. அதன் மீது பெயிண்ட் பிடிக்காது. ஒருமுறை தடவிய இடத்தில் சுரண்டி எடுத்த பிறகும் வேறு பசை ஒட்டாது, ஏன் புதுச் சிலிக்கோனே சரியாக ஒட்டாது. ஆகவே அவசரத்துக்கு என்று எல்லா இடத்திலும் பிதுக்க வேண்டாம்.

நம் மாடித் தொட்டி பாலிஎத்திலீன். அதில் எந்தப் பசையும் உருப்படியாக ஒட்டாது. அதனால்தான் டேங்க் நிப்பிளுக்கு இரு பக்கமும் ரப்பர் வாஷர் வைக்கிறார்கள். அங்கே கசிந்தால் மேலே மேலே பசை பூசுவதில் பயனில்லை. வாஷரை மாற்றுங்கள், துளையின் ஓரத்தைப் பிசிறில்லாமல் சீவுங்கள்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். அசிட்டோன், அதாவது நகப்பூச்சு அழிக்கும் நீர்மம், ஏபிஎஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் கரைக்கும். ஃபைபரை அதனால் துடைக்கலாம், பொருத்தியை அல்ல. சில படகுகளின் உடம்பு இரண்டு ஃபைபர் ஏட்டுக்கு நடுவில் பால்சா மரம் வைத்தது. அங்கே துளை போட்டால் வெட்டுவாயில் தெரியும் மரத்தை முதலில் எப்பாக்ஸியால் மூட வேண்டும். இல்லையென்றால் கசியும் நீரை மரம் குடித்து உள்ளுக்குள்ளேயே அழுகும், வெளியே சொட்டுக்கூடத் தெரியாது.

கடைசியாக முறுக்கு. பெரிய ஸ்பானரைப் போட்டு இறுக்கினால்தான் நிம்மதி என்று நினைப்பவர்கள் பிளாஸ்டிக்கை அதன் விரிசலுக்குத் தாங்களே அனுப்புகிறார்கள். போதாததற்குப் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, உள்ளே ஒன்றும் மிஞ்சாது. சுற்றிலும் ஒரே சீராகப் பசை எட்டிப் பார்க்கும் அளவு முறுக்கினால் போதும். உள்ளே ஓர் அடுக்கு தங்க வேண்டும், அதுதான் நெகிழ்ந்து கொடுக்கப்போகிறது. நன்றாகக் காயும் வரை படகை இறக்க அவசரப்படாதீர்கள். உறையில் போட்டிருக்கும் மணி நேரத்தை எழுதியவர் வேலையற்று எழுதவில்லை.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் அனுபவமுள்ள படகுக்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள். ஒவ்வொரு த்ரூ-ஹல்லின் பக்கத்திலும், அந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். பொருத்தி உடைந்தால் அதை எடுத்துத் துளையில் அடித்துவிடுவார்கள். மென்மையான மரம், தண்ணீர் பட்டதும் ஊதி இறுகிக்கொள்ளும். விலை சில ரூபாய்தான். படகு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்று மாலையே அந்தக் கட்டைகள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்